மொரீஷியஸில் எந்தத் திடலில் ஆடுவது?

மொரீஷியஸ் தீவின் கோல்ஃப் திடல்களை விளம்பரப் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். எந்தக் குழி படத்தில் அழகாக வருகிறது என்று கொஞ்சம் கவனித்தால் காரணம் விளங்கும். இந்தப் பக்கம் டீ, அந்தப் பக்கம் கிரீன், நடுவே நீலமாகக் கடல்நீர் புகுந்திருக்கும். படமெடுப்பவருக்கு வாய்ப்பாக அமைந்த அந்தத் தண்ணீரைத்தான் உங்கள் பந்து தாண்டியாக வேண்டும். ஹேண்டிகேப் 5 உள்ளவருக்கு அது ஒரு நல்ல சவால். ஹேண்டிகேப் 22 உள்ளவருக்கோ அது மூன்று பந்துகளின் இழப்பு. பின்னால் காத்திருக்கும் குழுவின் முன் ஒரு சங்கடம்.

ஏறக்குறைய 65 கிலோமீட்டர் நீளமும் 45 கிலோமீட்டர் அகலமும் உள்ள இந்தச் சின்னத் தீவில் பத்துக்கும் மேற்பட்ட 18 குழித் திடல்கள் இருக்கின்றன. ஒரு வார விடுமுறையில் மூன்று ஆட்டம் ஆடலாம். குடும்பத்தோடு போனால் இரண்டு. அந்த இரண்டை எப்படித் தேர்வது என்பதே இந்த அத்தியாயத்தின் வேலை.

நீளமா, இடுக்கா?

முதலில் சராசரி ஆட்டக்காரர் என்று யாரைச் சொல்கிறோம் என்று வரையறுத்துக்கொள்வோம். திடல்களுக்கு மதிப்பெண் போடுபவர்கள் ‘போகி ஆட்டக்காரர்’ என்று ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள். ஆண் என்றால் அவருடைய ஹேண்டிகேப் ஏறக்குறைய 20. டீயிலிருந்து 200 யார்டு அடிப்பார், 370 யார்டு தூரத்தில் உள்ள கிரீனை இரண்டு அடியில் எட்டுவார். பெண் என்றால் 150 யார்டு அடிப்பார், 280 யார்டு தூரத்தை இரண்டு அடியில் எட்டுவார். நம்மில் பெரும்பாலோர் இந்த அளவைச் சுற்றித்தான் ஆடுகிறோம். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. திடலைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் இதை மறந்துவிடுகிறோம், அதுதான் சிக்கல்.

ஸ்கோர்கார்டில் இருக்கும் ஸ்லோப் ரேட்டிங் என்ற எண் இந்தப் போகி ஆட்டக்காரருக்காகவே கணக்கிடப்படுவது. 55 முதல் 155 வரை போகும் அந்த அளவில் 113 நடுநிலை. திடல் எவ்வளவு கடினம் என்பதை அது சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். ஹேண்டிகேப் பூஜ்யத்தில் இருக்கும் ஒருவரைவிட உங்களுக்கு அந்தத் திடல் எவ்வளவு கூடுதலாகச் சிரமம் கொடுக்கும் என்பதையே அது சொல்கிறது. உங்கள் ஹேண்டிகேப் இண்டெக்ஸ் 20 என்றால், ஸ்லோப் 113 உள்ள டீயில் 20 அடிகள் கிடைக்கும். ஸ்லோப் 135 என்றால் 20-ஐ 135-ஆல் பெருக்கி 113-ஆல் வகுக்க, 24 வரும். அந்த நான்கு கூடுதல் அடிகளைச் சலுகையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். முன்பதிவுக்கு எழுதும்போது ஒவ்வொரு டீக்கும் உள்ள ஸ்லோப் எண்ணைக் கேளுங்கள். விடுமுறையில் ஆடுவதற்கு 125-க்குள் இருக்கும் டீயே போதும் என்பது என் கருத்து.

கடினம் என்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று நீளம். மற்றது இடுக்கும் தாண்டலும்: மரங்களுக்கு நடுவே ஒடுங்கிய ஃபேர்வே, பந்து பறந்தே கடக்க வேண்டிய நீர், பள்ளம், பாறை. முன் டீக்குப் போனால் நீளம் போய்விடும். இடுக்கு எந்த டீக்குப் போனாலும் போகாது. ஆகவே 7,000 யார்டு என்று போட்டிருக்கும் அகலமான திடலைக் கண்டு தயங்க வேண்டாம், 6,000 யார்டுதான் என்று சொல்லும் ஒடுக்கமான திடலை நம்பிப் போகவும் வேண்டாம். மொரீஷியஸ் திடல்களை எடைபோட இதைவிடப் பயனுள்ள அளவுகோல் எனக்குத் தெரியாது.

இதனால்தான், தொழில்முறைப் போட்டி நடந்த திடல் என்று கேள்விப்பட்டதும் பின்வாங்க வேண்டியதில்லை. 2015-இல் தொடங்கிய மொரீஷியஸ் ஓப்பன் இதுவரை ஹெரிட்டேஜ், அனாஹிதா, மோன் ஷுவாசி ஆகிய இடங்களில் நடந்திருக்கிறது. மூன்றுமே விசாலமானவை. தொழில்முறை ஆட்டக்காரர்களைச் சோதிக்க அங்கே டீயைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள், கொடிக் கம்பத்தை கிரீனின் ஓரத்தில் நடுகிறார்கள். நீங்கள் போகும் நாளில் கம்பம் பெரும்பாலும் நடுவில் இருக்கும், டீ முன்னால் இருக்கும். அதே புல்தான், ஆனால் ஆட்டம் வேறு.

எந்த டீ என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் பி.ஜி.ஏ.வும் யு.எஸ்.ஜி.ஏ.வும் 2011-இல் ‘முன்னால் வந்து ஆடுங்கள்’ என்று ஓர் இயக்கம் நடத்தின. டிரைவரில் 225 யார்டு அடிப்பவர் 5,800 முதல் 6,000 யார்டுக்குள் உள்ள டீயிலும், 200 யார்டு அடிப்பவர் 5,200 முதல் 5,400 யார்டுக்குள் உள்ள டீயிலும் ஆட வேண்டும் என்று அப்போது அட்டவணை கொடுத்தார்கள். இன்னொரு சுருக்கு வழி: உங்கள் 5 அயர்ன் போகும் தூரத்தை 36-ஆல் பெருக்குங்கள். 150 யார்டு போகிறதென்றால் 5,400 யார்டுத் திடல்தான் உங்களுடையது. ஊரில் நண்பர்களோடு ஆடும்போது எந்த டீயில் ஆடுவீர்களோ, தீவில் அதற்கும் ஒரு படி முன்னால் நில்லுங்கள். காற்றும், அறிமுகமில்லாத கிரீனும், வெயிலும் சேர்ந்து அந்த ஒரு படியை எப்படியும் விழுங்கிவிடும்.

இங்கே ஒரு விஷயத்தில் நம்மவர்கள் தவறாமல் தடுமாறுகிறார்கள். நாம் யார்டில் யோசிக்கிறோம். மொரீஷியஸ் ஸ்கோர்கார்டுகளும் தூரப் பலகைகளும் பொதுவாக மீட்டரில் இருக்கும். 140 என்று பலகை சொன்னால் அது 153 யார்டு. ஒரு கிளப் முழுதாகக் குறைந்துபோகும், பந்து கிரீனுக்கு முன்னாலுள்ள மணற்குழியில் விழும். எண்ணோடு பத்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொண்டால் போதும். தூரமானி வைத்திருப்பவர்கள் அதை மீட்டருக்கு மாற்ற வேண்டாம். யார்டிலேயே விட்டுவிட்டுப் பலகையைப் பார்க்காமல் ஆடுவது நல்லது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஆடிப் பழகியவர்கள் இன்னும் ஒரு கிளப் கூட எடுக்க வேண்டியிருக்கலாம். மலைக் காற்று மெல்லியது, பந்து கூடத் தூரம் போகும். கடல்மட்டத்தில் அந்தத் தூரம் கிடைக்காது.

காற்று வரும் திசை

திடலுக்கு அடுத்ததாகப் பார்க்க வேண்டியது தீவின் எந்தக் கரை என்பது. மொரீஷியஸில் ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்கிலிருந்து காற்று வீசுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அது மிகுந்த பலத்தோடு இருக்கும். கிழக்குக் கரையும் தென்கரையும் அதை நேரே வாங்கிக்கொள்கின்றன. நடுவில் உள்ள மலைகள் மேற்கையும் வடமேற்கையும் ஓரளவு மறைத்துக் காக்கின்றன. தீவின் புகழ்பெற்ற திடல்களில் நான்கு கிழக்கில் இருக்கின்றன. நம் பள்ளிகளுக்கு விடுமுறை வரும் ஏப்ரல், மே மாதங்களில் காற்று மிதமாக இருக்கும். ஜூலையில் போகிறவர்கள்தான் கிழக்கில் அறை எடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டும்.

எதிர்க்காற்று பறிக்கும் தூரத்தைப் பின்காற்று திருப்பிக் கொடுப்பதில்லை. ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். ஆகவே காற்று நாளில் மொத்தத் திடலும் நீண்டுவிட்டதாகவே கொள்ள வேண்டும். தண்ணீரைத் தாண்டும் குழியில் எதிர்க்காற்று என்றால் இரண்டு கிளப் கூட எடுத்து மெதுவாக வீசுங்கள். பலமாக அடித்தால் பந்து மேலே எழும்பி அங்கேயே நின்றுவிடும்.

காலையில் காற்று அடங்கியிருக்கும். வெயில் ஏறும்போதே அதுவும் ஏறும். நல்ல ஆட்டம் வேண்டுமென்றால் காலை முதல் நேரங்களில் டீ எடுங்கள். நம் கடிகாரத்தைவிட மொரீஷியஸ் ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. அங்கே காலை ஆறரை என்றால் உங்கள் உடம்புக்கு எட்டு மணி. முதல் இரண்டு மூன்று நாள்களுக்கு விடியற்காலை எழுவது சிரமமாகவே இராது.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே கோடை. ஜனவரி முதல் மார்ச் வரை புயல் வரக்கூடிய மாதங்கள். அப்போது பதிவு செய்தால், மூடப்பட்ட நாளுக்குப் பணம் திரும்ப வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கோல்ஃபுக்கு நல்ல மாதங்கள் மே, அக்டோபர், நவம்பர் தொடக்கம். ஜூனில் மாலை ஐந்தே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும், ஆகவே பிற்பகல் சலுகைக் கட்டணம் என்று சொல்லி இரண்டு மணிக்கு டீ கொடுத்தால் 18 குழி முடியாது. அந்தச் சலுகையை 9 குழிக்கு என்று வைத்துக்கொண்டால் அது உண்மையிலேயே நல்ல பேரம்.

கிழக்குக் கரை: நான்கு திடல்கள், மூன்று குணங்கள்

இல் ஓ செர்ஃப் திடலைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். ஜெர்மானிய ஆட்டக்காரர் பெர்ன்ஹார்டு லாங்கர் வடிவமைத்து 2003-இல் திறக்கப்பட்டது. கிழக்குக் கரையில் ட்ரூ தோ தூஸ் ஊருக்கு எதிரே உள்ள தனித்தீவில் இருப்பதால் படகில்தான் போக வேண்டும். ஏரிகளும் அலையாத்திக் காடுகளும் கறுப்புப் பாறைகளும் நிறைந்த இடம். ஒவ்வொரு குழியிலிருந்தும் கடல் தெரியும். உலகில் கோல்ஃப் ஆட இதைவிட அழகான இடங்கள் மிகக் குறைவு, அதை மனமாரச் சொல்கிறேன். ஆனால் மேலே சொன்ன அளவுகோலின்படி, சராசரி ஆட்டக்காரருக்கு மொரீஷியஸில் மிகக் கடினமான திடலும் இதுவே. ஃபேர்வேயை விட்டுப் பந்து விலகினால் ரஃப் இல்லை. தண்ணீர் அல்லது அலையாத்தி. பந்து போய்விட்டது என்று டீயிலேயே தெரிந்துவிடும். முன் டீக்கு வந்தாலும் சில தாண்டல்கள் குறையுமே தவிர, இடுக்கு குறையாது.

அப்படியானால் போக வேண்டாமா? போங்கள், ஆனால் ஆட்டமாகப் போகாதீர்கள், அனுபவமாகப் போங்கள். ஒரே தடவை, விடுமுறையின் கடைசி ஆட்டமாக, மிக முன்னால் உள்ள டீயில், மொத்த அடியை எண்ணாமல். குடும்பத்தோடு வந்தவர்களுக்கு இங்கே இன்னொரு வசதியும் உண்டு. அதே தீவின் கடற்கரையும் நீர் விளையாட்டுகளும் மொரீஷியஸுக்கு வரும் எல்லோரும் ஒருநாள் போகிற இடம். நீங்கள் ஆடும் நேரத்தில் மற்றவர்கள் கடலில் இருக்கலாம். படகு நேரத்தை மட்டும் இரண்டு பக்கமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். டீ நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் படகுத்துறையில் இருக்க வேண்டியிருக்கும்.

பெல் மார் பகுதியில் ஒரே ரிசார்ட்டுக்குச் சொந்தமாக இரண்டு திடல்கள் இருக்கின்றன. அவற்றுள் எது என்ற கேள்விதான் இந்த அத்தியாயம் சொல்லவருவதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. ‘லெஜண்ட்’ 1994-இல் வந்தது; தென்னாப்பிரிக்காவின் ஹியூ பயோக்கி வடிவமைத்தது. புகழ் அதற்குத்தான். அதன் 17-ஆம் குழி, கடற்கழியைத் தாண்டி அடிக்க வேண்டிய பார் 3. தபால் அட்டையில் வருவது அந்தக் குழியே. ஆனால் மற்றக் குழிகள் பெரும்பாலும் மரங்களுக்கு நடுவே ஒடுங்கிப் போகின்றன. டிரைவரில் பந்து வலப்பக்கம் வளையும் பழக்கம் உள்ளவர் அங்கே மரங்களோடுதான் நாளைக் கழிப்பார். ‘லிங்க்ஸ்’ 2002-இல் ராட்னி ரைட், பீட்டர் ஆலிஸ் இருவரும் வடிவமைத்தது. ஏற்ற இறக்கமும் எரிமலைப் பாறையும் உண்டு, ஆனால் ஃபேர்வே அகலமானது. தவறிய அடிக்கு அடுத்த அடி என்ற ஒன்று கிடைக்கும். ஒரே ரிசார்ட், இரண்டு திடல், ஒரு காலை நேரம்தான் இருக்கிறது என்றால் பெயரைப் பார்க்காமல் லிங்க்ஸை எடுங்கள். லெஜண்டில் ஆடியே தீருவேன் என்பவர்கள் டிரைவரைப் பையிலேயே விட்டுவிட்டு 5 வுட் அல்லது ஹைபிரிட்டில் டீ அடித்தால் நாள் இனிதாகக் கழியும்.

கிழக்கில் நான் மனமுவந்து பரிந்துரைக்கும் திடல் அனாஹிதா. எர்னி எல்ஸ் வடிவமைத்து 2008-இல் திறக்கப்பட்டது. பின் டீயிலிருந்து ஏறக்குறைய 6,800 மீட்டர் என்று ஸ்கோர்கார்டு சொல்லும். அதைப் பார்த்து மிரண்டுவிடாதீர்கள். முன்னுக்குப் பின்னாகப் பல டீகள் இருக்கின்றன, ஃபேர்வேக்கள் தாராளமானவை, கிரீனுக்கு முன்னால் பந்து உருண்டு ஏற வழி இருக்கும் குழிகள் நிறைய. எல்ஸ் பெரிய ஆட்டக்காரர், ஆனால் இங்கே ரிசார்ட்டுக்கு வருபவரை நினைவில் வைத்து வரைந்திருக்கிறார். கடற்கழியை ஒட்டிய 18-ஆம் குழி, பார் 5, அதற்கு ஒரு சான்று: கடல் ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது, ஆனால் மறுபக்கம் உங்களுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். கடலைத் தாண்ட வேண்டாம், பக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தால் போதும். கடலோரத் திடல் எல்லாமே இப்படி இருந்திருக்கலாமே என்று தோன்றும்.

தெற்கு

தென்கரையில் பெல் ஓம்பர், பழைய கரும்புத் தோட்டப் பகுதி. அங்கே ஹெரிட்டேஜ் நிறுவனத்தின் இரண்டு 18 குழித் திடல்களும் ஒன்பது குழி கொண்ட சிறிய பார் 3 திடலும் இருக்கின்றன. ‘ல ஷாத்தோ’ 2004-இல் பீட்டர் மாட்கோவிச் வடிவமைத்தது. மலைச்சரிவுக்கும் கடலுக்கும் நடுவே விரிந்து கிடக்கும் இந்தத் திடலில் பல இடங்களில் அடுத்த ஃபேர்வேயில் போய் விழுந்த பந்தைக்கூட எடுத்து ஆடலாம். நீரும் ஓடையும் உண்டு, ஆனால் பெரும்பாலும் நீங்கள் பார்த்து ஒதுங்கிப் போகக்கூடிய இடத்தில் இருக்கின்றன. தீவில் முதன்முதலாக ஆடும் சராசரி ஆட்டக்காரருக்கு இதுவே நல்ல தொடக்கம். கணவன் மனைவி இருவரில் ஒருவர் அனுபவசாலி, ஒருவர் கற்றுக்கொள்பவர் என்றால் பெல் ஓம்பருக்கு ஈடாக வேறு இடம் சொல்ல மாட்டேன். காலையில் பெரிய திடல், மாலையில் இருவரும் சேர்ந்து அந்த ஒன்பது குழி.

அதே இடத்தின் இரண்டாவது திடலான ‘ல ரெசெர்வ்’ 2023-இல் திறக்கப்பட்டது. மாட்கோவிச்சுடன் லூயி ஊஸ்தைசன் சேர்ந்து வடிவமைத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் அங்கே நடந்த மொரீஷியஸ் ஓப்பனை வென்றவரும் ஊஸ்தைசனே. ஸ்காட்லாந்துக் கடற்கரைத் திடல்களின் மரபில், மரமில்லாத திறந்த மேட்டு நிலம். பந்தை உயரத் தூக்கத் தெரியாமல் தரையோடு உருட்டிப் பழகியவர்களுக்கு இது பிடிக்கும். கிரீனுக்கு நாற்பது மீட்டர் முன்னாலிருந்து பட்டரை எடுத்தாலும் குற்றமில்லை. ஆனால் அங்கே காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. ஜூலை பிற்பகலில் அங்கே போக வேண்டாம்.

வடக்கும் மேற்கும்

இந்தியாவிலிருந்து குடும்பமாகப் போகிறவர்களில் பலர் வடக்கே கிராண்ட் பே பக்கம் தங்குகிறார்கள். கடைகளும் நம் சாப்பாடும் அங்கே எளிதில் கிடைக்கும். அவர்கள் கிழக்கிலோ தெற்கிலோ ஆடப் போனால் போகவர நேரம் பாதி நாளைத் தின்றுவிடும். பெல் ஓம்பருக்கு வடக்கிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும், போர்ட் லூயிஸ் நெரிசலில் மாட்டினால் இன்னும் கூடும். 2017-இல் வந்த மோன் ஷுவாசி திடல் அந்தக் குறையைத் தீர்த்தது. இதுவும் மாட்கோவிச் வடிவமைப்பு, இதுவும் பழைய கரும்பு நிலம். மேடுபள்ளங்களும் பெரிய கிரீன்களும் உண்டு, இடம் தாராளம், காற்றும் கிழக்கைவிட மிதம். வடக்கில் தங்குபவர் வேறெங்கும் அலையாமல் இங்கேயே இரண்டு தடவை ஆடலாம். முதல் தடவை தெரியாமல் இழந்த அடிகளை இரண்டாம் தடவை மீட்டுவிடுவீர்கள். அந்த மகிழ்ச்சி புதுத் திடலில் கிடைக்காது.

மேற்கில் தமரினா, ராட்னி ரைட் வடிவமைத்து 2006-இல் திறக்கப்பட்டது. தீவில் வெயில் அதிகமும் மழை குறைவுமான பகுதி. கூர்மையாக நிற்கும் ரெம்பார் மலை பல குழிகளில் கூடவே வரும். ஃபேர்வே அகலம்தான், ஆனால் சில இடங்களில் ஆற்றுப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும், மணற்குழிகளும் அதிகம். குளிர்மாதங்களில் கிழக்கில் காற்றடிக்கும்போது இங்கே ஆடுவது புத்திசாலித்தனம். தென்மேற்கு முனையில், 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமான ல மோர்ன் குன்றின் அடிவாரத்தில், பாரடிஸ் ரிசார்ட்டின் திடல் இருக்கிறது. காட்சி அபாரம், பட்டம் பிடித்து அலையில் சறுக்குபவர்கள் உலகெங்கிலுமிருந்து அந்தக் கடற்கரைக்கு வருகிறார்கள் என்பதிலிருந்தே காற்றின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

உள்நாட்டு மேட்டுப் பகுதியில், பொவா ஷெரி தேயிலைத் தோட்டங்களின் பக்கம், அவலோன் திடல் உண்டு. குளிர்ச்சியான இடம், மழை அடிக்கடி. வாக்வா நகரில் பிரிட்டிஷ் ராணுவக் காலத்து ஜிம்கானா கிளப்பின் திடல் பார் 68 மட்டுமே; மரங்கள் நெருக்கம், கிரீன்கள் சிறியவை. ரிசார்ட் பகட்டு எதுவும் இல்லாமல், உள்ளூர்க்காரர்களோடு ஆட விரும்புபவருக்கு ஏற்றது.

கேடி இல்லாத ஆட்டம்

நம் ஊர்க் கிளப்புகளில் ஆடுபவர் ஒன்றை உணர்வதே இல்லை: நம் ஆட்டத்தில் பாதி கேடியின் கண்ணில் இருக்கிறது. பந்து எங்கே விழுந்தது, காற்று எப்படி, கிரீன் எந்தப் பக்கம் சரிகிறது என்பதையெல்லாம் அவர் சொல்லிவிடுகிறார். மொரீஷியஸ் ரிசார்ட் திடல்களில் பொதுவாகக் கேடி இல்லை. பக்கியை ஓட்டிக்கொண்டு நீங்களேதான் தேட வேண்டும். 2019 முதல் பந்தைத் தேட விதி தரும் நேரம் ஐந்து நிமிடத்திலிருந்து மூன்றாகக் குறைந்திருக்கிறது. அகலமான திடலைத் தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணம். விலையுயர்ந்த பந்துகளை வீட்டில் வைத்துவிட்டு, பழைய பந்துகளைத் தாராளமாகக் கொண்டுபோங்கள். மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறம் என்றால் கண்ணில் எளிதில் படும்.

கிரீனில் புல்லின் சாய்வைப் பாருங்கள். வெப்பநாட்டுப் புல் ஒரு பக்கமாகப் படுத்து வளரும். கிரீன் பளபளவென்று வெளிறித் தெரிந்தால் புல் உங்களைவிட்டு விலகிப் படுத்திருக்கிறது, பந்து வேகமாக ஓடும். கருத்துத் தெரிந்தால் புல் உங்களை நோக்கியிருக்கிறது, பந்து தயங்கும்.

எப்படி எண்ணுவது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். 1932-இல் டாக்டர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு இங்கிலாந்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்த புள்ளி முறையை விடுமுறை ஆட்டத்துக்கென்றே உருவானதாகச் சொல்லலாம். ஹேண்டிகேப் கழித்துப் பார் எடுத்தால் இரண்டு புள்ளி, போகி என்றால் ஒன்று, அதற்கு மேல் போனால் பூஜ்யம். புள்ளி கிடைக்காது என்று தெரிந்ததும் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த டீக்குப் போகலாம். ஒரு மோசமான குழி முழு நாளையும் கெடுப்பதில்லை. தொலைந்த பந்துக்காக டீக்குத் திரும்பி நடக்காமல், இரண்டு அபராத அடியோடு ஃபேர்வே ஓரத்தில் பந்தைப் போட அனுமதிக்கும் உள்ளூர் விதி அங்கே நடைமுறையில் உண்டா என்று ஸ்டார்ட்டரிடம் கேளுங்கள்.

அலையாத்திக்குள் இறங்கிப் பந்து தேட வேண்டாம். வேர்கள் ஆளைக் கீழே தள்ளும், அந்தச் செடிகளும் மிதிபடும். கடற்கழியை நோக்கிச் சும்மா பந்தடித்துப் பார்ப்பதும் கூடாது. அது பவளத்திட்டின் நடுவே போய்ப் பிளாஸ்டிக்காகக் கிடக்கும்.

பணத்தையும் பதிவையும் பொறுத்தவரை, சில ரிசார்ட்டுகள் கிரீன் ஃபீயை அறை வாடகையிலேயே சேர்த்துவிடுகின்றன, பக்கிக்கும் கிளப் வாடகைக்கும் தனியாக வாங்குகின்றன. மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால்தான் எந்த அறை மலிவு என்று தெரியும். கிளப் வாடகைக்கு எடுப்பதென்றால் இடக்கையர்களும் பெண்களும் செட் இருப்பை முன்கூட்டி உறுதி செய்ய வேண்டும். இரண்டே ஆட்டம் ஆடுபவர் ஊரிலிருந்து பையைச் சுமந்து போவதில் எனக்கு உடன்பாடில்லை; ஷூவையும் கையுறையையும் மட்டும் எடுத்துச் செல்லுங்கள். ரூபாயாகக் கட்டும்போது தாளைப் பாருங்கள், மொரீஷியஸ் பணத்தில் தமிழ் எழுத்து இருக்கும்.

பணம் கட்டும் முன் திடலுக்கு ஒரு கடிதம் எழுதி மூன்று கேள்வி கேளுங்கள். முன் டீயின் நீளமும் ஸ்லோப்பும் என்ன? அந்த டீயிலிருந்து 120 மீட்டருக்கு மேல் பந்து பறந்தே தீர வேண்டிய குழிகள் எத்தனை? நான் வரும் மாதத்தில் காற்று எந்த நேரத்தில் ஏறும்? இரண்டாவது கேள்விக்கு நான்குக்கு மேல் பதில் வந்தால் வேறு திடல் பாருங்கள். பதிலே வராவிட்டால் செயற்கைக்கோள் வரைபடத்தில் நீங்களே டீயிலிருந்து ஃபேர்வே தொடங்கும் இடம்வரை அளந்துவிடலாம். 18 குழிக்கும் அரைமணி நேரம் போதும்.

மூன்று ஆட்டம் ஆடுகிறவர் முதலில் ல ஷாத்தோ, அடுத்து அனாஹிதா, கடைசியாக இல் ஓ செர்ஃப் என்று வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். இரண்டு என்றால் முதல் இரண்டும் போதும். வடக்கில் தங்கியிருந்தால் மோன் ஷுவாசியோடு நிறுத்திக்கொண்டு மிச்ச நேரத்தைக் குடும்பத்துக்குக் கொடுங்கள்.